வெளியே கரி, உள்ளே பச்சை

பிப்ரவரி 2 – கேள்வி

பாத்திரம் இல்லாமல் திறந்தவெளியில் தீ மூட்டிச் சமைக்கலாம் என்று சொல்வதெல்லாம் படம் பிடிக்கத்தான் உதவும் என்று நினைக்கிறேன். மூன்று முறை முயன்றாகிவிட்டது. உருளைக்கிழங்கு வெளியே கரி, உள்ளே பச்சை. முட்டை வெடித்துச் சிதறியது. மீன் பாதி தீயிலேயே போய்விட்டது. நன்றாக எரிகிற தீதான், விறகிலும் குறை இல்லை. என்ன தப்பு என்று யாராவது சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ரொட்டியும் பழமும் கட்டிக்கொண்டு போய்விடுகிறேன்.

பிப்ரவரி 2, இரவு 10.15

தப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. "நன்றாக எரிகிற தீ." அதில்தான் சமைக்கக் கூடாது.

விறகு இரண்டு கட்டமாக எரியும். முதலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகும். சூடு 250, 300 டிகிரி செல்சியஸைத் தொடும்போது கட்டை சிதைந்து வாயுக்களைக் கக்கும். அந்த வாயு காற்றோடு கலந்து எரிவதுதான் நாம் பார்க்கும் சுவாலை. வாயு தீர்ந்தபின் மிஞ்சுவது கரி. அது சுவாலை இல்லாமல், காற்றுப் படும் மேற்பரப்பில் மட்டும் கனன்று எரியும். அதுதான் தணல். சுவாலை ஒரு நொடி இங்கே, மறுநொடி அங்கே. காற்றடித்தால் படுத்துக்கொள்ளும், உணவின் மேல் புகைக்கரியை அப்பும். தணல் ஒரே சீராக அனல் வீசும்.

உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். சூடு அதற்குள் ஊர்ந்துதான் போகும், விரட்டினாலும் ஓடாது. தீயைக் கூட்டக் கூட்ட வெளியே கருகும், உள்ளே அதே பச்சைதான்.

தீ மூட்டுங்கள், எரிய விடுங்கள், காத்திருங்கள். கங்கின் மேல் சாம்பல் மெல்லிசாகப் படிந்து வெளுக்கும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அது. அங்கேதான் சமையல் தொடங்குகிறது.

பிப்ரவரி 3, காலை 7.40

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மணிக்கட்டுத் தடிமனுள்ள காய்ந்த கட்டைகள் என்றால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். வெறும் சுள்ளி என்றால் பத்து நிமிடத்தில் தணலாகி அடுத்த பத்து நிமிடத்தில் சாம்பலாகிவிடும், சமைக்க நேரமே தராது. வெட்டிய மரத்தில் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்திருந்தால்தான் ஒழுங்காக எரியும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரக்கட்டை மொத்தென்று விழும்.

சூடு பார்க்கக் கை போதும். தணலுக்கு அரைச் சாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி எண்ணுங்கள். இரண்டுக்குள் கையை இழுத்துக்கொண்டால் கடுஞ்சூடு, மெல்லிய இறைச்சித் துண்டு வாட்ட ஆகும். ஐந்து ஆறு வரை தாங்கினால் மிதம், மீனுக்கு அது. எட்டு பத்து வரை தாங்கினால் கிழங்கு, முழு வெங்காயம் போன்ற பொறுமைக்காரர்களுக்கு.

தணலை ஒரே குவியலாக வைக்காதீர்கள். ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் ஒற்றை அடுக்காகவும் பரப்பினால் இரண்டு அடுப்பு கிடைத்த மாதிரி. எல்லாம் முடிந்ததும் மேலே மண்ணைத் தள்ளி மூடிவிடலாம்.

பிப்ரவரி 3, இரவு 9.05

இப்போது கிழங்கு. நேற்று அவசரத்தில் விட்டது.

உங்கள் கிழங்கு என்ன அளவு? கேட்கக் காரணம் உண்டு. ஒரு பொருளின் நடுவுக்குச் சூடு போய்ச் சேரும் நேரம் அதன் தடிமனோடு மட்டும் கூடுவதில்லை, தடிமனின் வர்க்கத்தோடு கூடுகிறது. 3 செ.மீ. கிழங்குக்குக் கால் மணி ஆகுமென்றால் 6 செ.மீ. கிழங்குக்கு அரை மணி இல்லை, ஒரு மணி. பெரியதும் சின்னதும் கலந்து போட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்தால் பாதி பச்சையாகத்தான் இருக்கும். எனக்கு இது புரிய ரொம்ப வருஷம் ஆனது. அண்ணன் எப்போதும் ஒரே அளவுக் கிழங்காகப் பொறுக்கி எடுப்பார். அழகுக்காகச் செய்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

அவர் செய்யும் விதம் இது. தணலை ஓரமாக ஒதுக்கி, அடியிலிருந்த சுடுசாம்பலில் குழி பறிப்பார். கிழங்கைத் தோலோடு உள்ளே வைத்து, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பல், அதற்கு மேல் தணல். சாம்பல் சூட்டை மெதுவாகக் கடத்தும். அதனால் தோல் கருகும் வேகமும் உள்ளே வேகும் வேகமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். நடுத்தரக் கிழங்குக்கு முக்கால் மணி, சில சமயம் ஒரு மணி. மெல்லிய குச்சியால் குத்தினால் தடையில்லாமல் நடுவைத் தாண்டிப் போக வேண்டும். பாதியில் முட்டினால் மூடிவிட்டு உட்காருங்கள்.

எடுத்த கையோடு பிளக்காதீர்கள். ஐந்து நிமிடம் ஆறவிட்டால் வெளிச்சூடு உள்ளே போய்ச் சமனாகும். கரித்தோலைத் தட்டி உதறினால் அதற்கு அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும். மொத்தக் கிழங்கிலும் ருசியான இடம் அதுதான், உப்புக்கூட வேண்டாம். 1912இல் லூயி கமிய் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கிய வினை அது. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சுமார் 140 டிகிரிக்கு மேல் சேர்ந்து தரும் நிறமும் மணமும். தண்ணீரில் வேகவைத்த கிழங்கு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் அந்த அடுக்கும் அதில் கிடையாது.

பிப்ரவரி 5, மாலை 6.30

முட்டை. ஓடு மூடிய பாத்திரம் மாதிரி. அகன்ற முனையில் ஒரு காற்றறை இருக்கிறது, உள்ளே ஈரமும் உண்டு. தணலில் நேராக வைத்தால் ஆவி வெளியேற வழி இல்லாமல் வெடிக்கும். அந்த முனையில் ஊசியால் துளையிட்டு, துளை மேலே பார்க்கும்படி சுடுசாம்பலில் செங்குத்தாக நிறுத்தினால் பெரும்பாலும் பிழைக்கும். பெரும்பாலும்தான். சூடு ஒரு பக்கமாகப் பட்டால் அப்போதும் விரிசல் விடும், வெள்ளை வழிந்து சாம்பலோடு சேர்ந்து கெட்டுப்போகும். குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பெரிய வெங்காயத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, உள் அடுக்குகளை நெம்பி எடுத்து, வெளி இரண்டு மூன்று அடுக்கை மட்டும் கிண்ணமாக நிறுத்துவது. அதில் முட்டையை உடைத்து ஊற்றி ஒற்றை அடுக்குத் தணலில் வைத்தால் பத்து நிமிடம். முட்டை வெள்ளை 62 டிகிரி வாக்கிலேயே இறுகத் தொடங்கிவிடும். வெங்காயத்திலோ தண்ணீர் நிறைய, அது வற்றும்வரை கிண்ணம் கருகிப்போகாது. அடிப்பகுதி கறுத்திருக்கும், உள்பக்கம் இனிப்பாக வெந்திருக்கும். நெம்பி எடுத்த உள் அடுக்கை வீணாக்காமல் பக்கத்திலேயே வாட்டிக்கொள்ளலாம்.

கிண்ணம் ஆடாமல் நிற்க அடியில் சின்னதாகச் சீவிவிட வேண்டும். அடியில் ஓட்டை விழாத அளவுக்கு மட்டும்.

பிப்ரவரி 6, காலை 6.50

முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டும். சுவாலையில் சமைக்கவே கூடாது என்று அடித்துச் சொன்னது சரியில்லை. சுடுவதற்கும் வாட்டுவதற்கும்தான் தணல். தண்ணீர் கொதிக்க வைக்கச் சுவாலைதான் சுருக்கு. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி கருகும் அளவுக்குச் சூடேறாது, ஆகவே பயமில்லாமல் தீயைக் கூட்டலாம்.

இதைக் குழந்தைகளுக்குக் காட்ட வெறும் காகிதத்தில் கிண்ணம் மடித்துத் தண்ணீர் ஊற்றித் தீயில் பிடிப்பேன். காகிதம் பற்றிக்கொள்ள 230 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். தண்ணீர் அதை 100ஐ ஒட்டியே பிடித்துவைத்திருக்கும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு மட்டும் எரிந்துபோகும். கண்ணை அகல விரித்துப் பார்ப்பார்கள். கடையில் வரும் காகிதக் குவளையின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அதில் காய்ச்சிக் குடிக்க வேண்டாம்.

பிப்ரவரி 6, இரவு 11.10

மலையில் எவ்வளவு கொதித்தாலும் சோறு வேகவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் முன்கூட்டியே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைகிறது. 3,000 மீட்டரில் 90 டிகிரியிலேயே கொதிக்கும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்துச் சூடு போதும் என்று நம்பிவிடுவோம். அங்கே தீயைக் கூட்டிப் பயனில்லை, நேரத்தைத்தான் கூட்ட வேண்டும். அல்லது தணலில் சுட்டுச் சாப்பிட வேண்டும். தணலின் சூடு மலையேறினாலும் இப்படிக் குறைவதில்லை.

பிப்ரவரி 9, மதியம் 1.20

"காலி டப்பாவில் சமைக்கலாமா?" சமைக்கலாம் என்று ஒற்றை வார்த்தையில் பதில் எழுதிவிட்டுப் போனேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் மனம் உறுத்துகிறது, விவரமாகச் சொல்கிறேன்.

உணவு டப்பாக்களின் உட்புறம் பெரும்பாலும் பிளாஸ்டிக் வகைப் பூச்சு இருக்கும். ஈயம்போல மின்னுவது வெள்ளீயம் என்றால் அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை அந்தச் சூடு வராது, தண்ணீர் வற்றினால் வந்துவிடும். ஆகவே அவசரத்துக்குத் தண்ணீர் காய்ச்சலாம், வறட்டு வறுவல் கூடாது.

துத்தநாகம் பூசிய வாளி, தகடு, கம்பி வலை எதையும் உணவுக்கு அருகில் கொண்டுவராதீர்கள். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், தணல் அதைச் சுலபமாகத் தாண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்பித் தட்டை எடுத்து மேலே போட்டு மீன் சுடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில பழைய தட்டுகளில் காட்மியம் பூச்சு உண்டு. அது துத்தநாகத்தைவிட மோசம். பூச்சில்லாத இரும்பு, துருப்பிடிக்காத எஃகு, இவை இரண்டும் போதும்.

அலுமினியத் தாள் பரவாயில்லை. ஆனால் அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஊதிவிட்ட தணல் அந்தச் சூட்டைத் தொடும். தாளில் ஓட்டை விழுவது அதனால்தான். மெல்லிய சாம்பல் படுக்கையின் மேல் வையுங்கள்.

பிப்ரவரி 9, மதியம் 1.45

முக்கியமானதை விட்டுவிட்டேன். மூடி திறக்காத டப்பாவைத் தீயில் வைக்கவே கூடாது. அது குண்டு.

பிப்ரவரி 15, இரவு 8.30

நேற்றும் இன்றும் ஆற்றங்கரையில் இருந்தேன். உங்கள் மீனுக்காகவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் கம்பியில் ஒட்டி, புரட்டும்போது பிய்ந்து, பாதி தீயில் விழுகிறது. சரிதானே? கம்பி சூடாகும் முன்பே மீனை வைத்தால் சதையின் புரதம் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். வெறும் கம்பியை முதலில் நன்றாகச் சூடாக்குங்கள். மீனைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கிவிட்டு வையுங்கள், அப்புறம் தொடாதீர்கள். தோல் வெந்து இறுகினால் தானே விட்டுக்கொடுக்கும். புரட்ட முயலும்போது பிடித்து இழுத்தால் இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம்.

கம்பியே இல்லாவிட்டால்? நேற்று இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன். குடல் எடுத்த மீனைச் செதில் உரிக்காமல் நேராக நீறு பூத்த தணலின் மேலேயே கிடத்தினேன், பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். செதிலும் தோலும் கவசமாக நின்று கருகின. தோலை உரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஈரம் குறையாத சதை. இன்னொன்றைக் களிமண்ணில் இரண்டு செ.மீ. கனத்துக்குப் பொதிந்து தணலுக்குள் புதைத்தேன். நாற்பது நிமிடம் கழித்து உடைத்தபோது தோல் மண்ணோடு வந்துவிட்டது. இரண்டாவதில் மணம் கூடுதல், முதலாவதில் ருசி கூடுதல். நான் முதலாவதின் பக்கம்.

மீன் வெந்ததா என்று பார்க்கத் தடித்த இடத்தில் முள்ளை ஒட்டிக் கத்தி நுனியால் விலக்கிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்த சதை பால்வெள்ளையாகி இதழ் இதழாகப் பிரிய வேண்டும். வெப்பமானி இருந்தால் 63 டிகிரி. கோழியென்றால் 74, அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். இஸ்ரேலின் வடக்கே கெஷர் பெனோத் யாக்கோவ் என்ற இடத்தில் கெண்டை இன மீன்களின் பற்கள் கிடைத்தன. மிதமான சூட்டில் வெந்தவை, எரிந்து சாம்பலாகாதவை. அவற்றின் வயது சுமார் 7,80,000 ஆண்டு என்று 2022இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம்மைப் போன்ற மனிதர்களே இல்லாத காலம். யாரோ ஒருவர் தண்ணீர் ஓரத்தில் மீனைச் சுவாலையிலிருந்து தள்ளி, பதமான சூட்டில் வைத்திருக்கிறார். எழுதும்போதே சிலிர்க்கிறது.

பிப்ரவரி 16, காலை 9.00

நேற்றைய நீளப் பதிவில் புகை விட்டுப்போனது. எங்கே உட்கார்ந்தாலும் புகை ஏன் நம் பக்கமே வருகிறது என்ற கேள்வி. மேலே எழும் சூடான காற்றின் இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று தீயை நோக்கிப் பாயும். நாம் ஒரு பக்கம் உட்கார்ந்து அந்தக் காற்றை மறைத்தால் அந்தப் பக்கம் காற்று குறையும், புகை அங்கே சாயும். எதிர்ப்பக்கத்தில் நம் உயரத்துக்கு ஒரு பெரிய கல்லோ கட்டையோ இருந்தால் புகைக்கு அதுவும் ஒரு ஆளாகிவிடும். கொஞ்சம் உதவுகிறது.

கொழுப்பு சொட்டி அதிலிருந்து எழும் புகை வேறு வகை. அதில் புற்றுநோய் வரவழைக்கும் சேர்மங்கள் இருக்கின்றன, அவை இறைச்சியின் மேலேயே படியும். கொழுப்புள்ள துண்டைத் தணலுக்கு நேர் மேலே வைக்காமல் ஓரமாக, அனல் மட்டும் படும்படி வாட்டுங்கள். கருகிய பகுதியைக் கீறி எறியுங்கள்.

பிப்ரவரி 18, இரவு 10.00

கம்பிக்குப் பதில் குச்சி. எந்த மரத்துக் குச்சி என்று தெரியாவிட்டால் அதில் உணவைக் குத்தாதீர்கள். அரளிச் செடி முழுவதுமே நஞ்சு, இலை, தண்டு, பூ எல்லாம். நேராகவும் வழவழப்பாகவும் வளர்வதால் கை அதைத்தான் தேடிப் போகும். விறகாகவும் வேண்டாம், புகையும் ஆகாது. பால் வடியும் எந்தக் குச்சியையும் நான் தொடுவதில்லை.

வர்ணம் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, மருந்தேற்றிய மரம், எதுவும் சமையல் தீக்கு ஆகாது. கரையான் வராதிருக்க ஆர்செனிக் கலவை ஏற்றிய மரங்கள் பல காலம் புழக்கத்தில் இருந்தன. அவை எரிந்தால் ஆர்செனிக் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலில் கிழங்கைப் புதைப்பதை நினைத்துப் பாருங்கள்.

நல்ல குச்சி கிடைத்தால் மாவு சுற்றிப் பாருங்கள். மாவு, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். பெருவிரல் தடிமன் குச்சியின் பட்டையை உரித்துவிட்டு, பிசைந்த மாவைக் கயிறுபோல உருட்டி இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். தணலுக்கு ஒரு சாண் மேலே பிடித்துத் திருப்பிக்கொண்டே பத்துப் பதினைந்து நிமிடம். தடிமனாகச் சுற்றினால் கிழங்கின் கதைதான் இதற்கும், உள்ளே பச்சை. வெந்தது குச்சியிலிருந்து தானே உருவிக்கொண்டு வரும்.

பிப்ரவரி 20, மதியம் 12.10

கல்லைச் சூடாக்கி அதன் மேல் சுடலாமா? சுடலாம். ஆற்றுக்குள் கிடந்த கல்லும் ஈரக் கல்லும் மட்டும் கூடாது. உள்ளே தேங்கிய நீர் ஆவியாகிக் கல் தெறித்துப் பிளக்கும். அடுப்புக்கு நிறுத்தும் மூன்று கல்லுக்கும் இதே விதி. மேட்டில் வெயிலில் காய்ந்த கல்லாக எடுங்கள்.

சூடான கல்லைத் தண்ணீருக்குள் போட்டும் கொதிக்க வைக்கலாம். அயர்லாந்தில் வெண்கலக் காலத்துக் குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பக்கத்திலேயே வெடித்த கற்குவியலோடு. 1950களில் ஓ கெல்லி என்ற தொல்லியலாளர் அப்படி ஒரு குழியில் நீர் நிரப்பி, சுட்ட கற்களைப் போட்டு அரை மணி நேரம் வாக்கில் கொதிக்க வைத்தே காட்டினார். வைக்கோலில் சுற்றிய ஆட்டுத்தொடையையும் அதில் வேகவைத்தார். தீமேல் வைக்கத் தகுந்த பாத்திரம் ஒன்றுகூட இல்லாமல்.

பிப்ரவரி 23, இரவு 9.50

மழை வந்தால் தணலைக் கூடாரத்துக்குள் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கூடாது. சமையலுக்கும் கூடாது, குளிர் காயவும் கூடாது, அணைந்ததுபோல் இருந்தாலும் கூடாது. தணல் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை உடன் வந்த ஒருவர் நான் விறகு மூடப் போயிருந்தபோது இரும்புச் சட்டியில் தணலை அள்ளி உள்ளே வைத்துவிட்டார். திரும்பி வந்தால் இருவர் தலைவலி என்று படுத்திருந்தார்கள், ஒருவருக்கு வாந்தி. புகையே இல்லையே என்றார்கள். புகை இருந்திருந்தால் அவர்களே வெளியே ஓடி வந்திருப்பார்கள். இருவரையும் மழையிலேயே வெளியே இழுத்து உட்கார வைத்தோம். அன்று இரவு யாரும் தூங்கவில்லை.

மார்ச் 1, அதிகாலை 5.15

பிப்ரவரி 3 காலைப் பதிவின் கடைசி வரியை யாரும் பின்பற்ற வேண்டாம். மண்ணைத் தள்ளி மூடிவிடலாம் என்று எழுதியிருக்கிறேன். அது தப்பு. எழுதிய நான் தெரியாதவன் இல்லை என்பதால் பெரிய தப்பு.

நேற்று இரவு அக்கா கூப்பிட்டாள். இந்த இழையை அவளுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "அந்த வரியை நீயா எழுதினே?" என்று மட்டும் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகனுக்கு ஆறு வயது. இரவு எல்லோருமாக மணற்பரப்பில் சுட்டுச் சாப்பிட்டோம். தீயை நான்தான் மூடினேன். நல்ல கனத்துக்கு மணல் போட்டு, காலால் தட்டிச் சமனாக்கினேன். குழந்தைகள் ஓடி விளையாடுகிற இடம், பார்வைக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்று. மறுநாள் காலை பிள்ளை வெறுங்காலோடு ஓடி வந்து சரியாக அந்த இடத்தில் நின்றான். அவன் அலறியதும் முதலில் முள் என்றே நினைத்தோம்.

மணல் தீயை அணைப்பதில்லை, போர்வையாக மூடுகிறது. காற்று குறைவதால் கங்கு மெதுவாக எரியும், மெதுவாக எரிவதால் வெகுநேரம் எரியும். அந்தச் சூட்டை மணல் வெளியே விடாமல் காக்கும். புகை இல்லை, வெளிச்சம் இல்லை, மேலே குளிர்ந்த மணல் மாதிரியே இருக்கும். கிழங்கைச் சாம்பலில் புதைத்தால் ஏன் அவ்வளவு நன்றாக வேகிறது என்று இதே இழையில் விளக்கினேனே, அதே காரணம்தான். தோலைச் சுட 60 டிகிரியே போதும், ஐந்து வினாடி.

நாங்கள் செய்த ஒரே சரியான காரியம் ஓடுகிற தண்ணீரில் காலை இருபது நிமிடம் பிடித்தது. ஐஸ் வைக்கவில்லை, எதையும் தடவவில்லை. அங்கே இருந்த வயதானவர் ஒருவர் அதட்டித்தான் அதையும் செய்தோம். பிறகு ஆஸ்பத்திரி. இரண்டு மாதம் தூக்கிக்கொண்டே திரிந்தோம்.

இவ்வளவும் தெரிந்தும் அந்த வரியை எப்படி எழுதினேன் என்று யோசித்தேன். சின்ன வயதில் கேட்டதையே கை எழுதிவிட்டது. பழைய வரியை அழிக்க மாட்டேன், படித்தவர்கள் எது மாறியது என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 1, காலை 8.30

அணைக்கும் முறை. தண்ணீர் ஊற்றுங்கள், வீசாதீர்கள், வீசினால் சுடுசாம்பல் ஆவியோடு கிளம்பி முகத்தில் அடிக்கும். காற்று உங்கள் முதுகிலிருந்து வரும்படி நின்று ஓரத்திலிருந்து உள்ளே போங்கள். கழியால் கிளறுங்கள். அடியில் புரண்ட கங்கு மறுபடி சீறும். மறுபடி ஊற்றுங்கள், மறுபடி கிளறுங்கள். சீறல் நின்றதும் புறங்கையை அருகில் கொண்டுபோங்கள், அனல் இல்லை என்றால் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் தீ இன்னும் இருக்கிறது. சுற்றி வைத்த கற்களின் அடியையும் பாருங்கள்.

தண்ணீர் கொண்டுவர வழியில்லாத இடத்தில் தீ மூட்டாதீர்கள். உலர்ந்த வேரும் சருகும் மக்கிய மண்ணும் உள்ள இடத்திலும் வேண்டாம், தீ மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து போய் வேறு இடத்தில் தலை தூக்கும். சுற்றிலும் பத்தடிக்குத் தரையைச் சுத்தம் செய்யுங்கள். தீ மூட்டத் தடை உள்ள பருவமென்றால் ரொட்டியும் பழமும்தான். அதில் குறையே இல்லை.

மார்ச் 9, இரவு 10.40

கேட்டவர் ஒரே அளவில் எட்டுக் கிழங்கு போட்டாராம், எட்டும் வெந்ததாம். முட்டை இன்னும் வெடிக்கிறதாம். ஊசியால் குத்தினீர்களா, அகன்ற முனையிலா? சொல்லுங்கள்.

மார்ச் 16, இரவு 9.15

அக்காவும் அவள் மகனும் வந்திருந்தார்கள். இப்போது பதினாலு வயது, என்னைவிட உயரம். தீ மூட்ட அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். மீனை அவனே புரட்டினான். தோல் விடும்வரை தொடாதே என்று சொல்ல வாயெடுத்தேன், அவன் தொடவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் வாளியை அவன்தான் எடுத்தான். ஐந்து வாளி போனது. மூன்றாவதுக்கே போதும் என்று எனக்குப்பட்டது, நான் சொல்லவில்லை. ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, அடியில் ஊற்றி, கடைசியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சேற்றுச் சாம்பலுக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டுத் துழாவினான். அக்கா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். "குளிர்ந்துடுச்சு மாமா" என்று கையை உதறினான். அப்புறம்தான் எல்லோரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.